ஐந்தாவது தடவை நின்ற மெஷின்

சனிக்கிழமை கடைவாசலில் நடந்த கூத்தைப் போன வாரம் படித்தவர்கள் அதற்குள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போதுதான் உள்ளே வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டின் முன்னறைதான் ரிப்பேர் கடை. மிக்ஸி, ஃபேன், அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின் என்று மின்சாரத்தில் ஓடுகிற எதுவும் அங்கே வரும். பிரித்து மாட்டுகிறவள் மனைவி. தெருவுக்கே அவள் மெக்கானிக்கம்மா. முன்மேசையில் உட்கார்ந்து ஆட்களிடம் பேசுகிறவர் கணவர். யார் எதைக் கேட்டாலும் ‘ஆகட்டும்’ என்றே சொல்லிப் பழகிய மனுஷர் என்பதால், அவர் ஆகட்டும் சார்.

சனிக்கிழமை, மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஓர் அம்மா வந்தார். நான்கு தடவை ரிப்பேராகிப் போன தன் வாஷிங் மெஷினைப் பற்றித் தெருவே திரும்பிப் பார்க்கும் குரலில் பேசினார். கும்பல் கூடுவதைப் பார்த்த ஆகட்டும் சாருக்கு வேர்த்துவிட்டது. “இன்னொரு தடவை நின்னுச்சுன்னா புது மெஷினே வாங்கித் தர்றோம்மா” என்று சொல்லி வைத்தார்.

மரத்தடுப்புக்குப் பின்னால் மெக்கானிக்கம்மாவின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது. புது மெஷின் என்றால் கடையின் மூன்று மாத வருமானம். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. “அண்ணி, அவர்கிட்ட சாப்பிட வரச் சொல்லுங்க” என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னதுகூட, அன்று சாயங்காலம் ஒரு பெட்டியோடு வந்து இறங்கிய நாத்தனாரிடம்தான்.

நாத்தனார், அதாவது ஆகட்டும் சாரின் அக்கா, முப்பது வருஷம் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளுக்கு டோக்கன் கொடுத்துவிட்டு, போன மாதம் ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். இரண்டு பக்கத்துக் கதையையும் டீ ஆறும்வரை கேட்டார். பிறகு தீர்ப்பு சொன்னார். நாளையிலிருந்து முன்மேசையில் அவர் உட்காருவார். தம்பி வெளிவேலை பார்க்கட்டும்.

இனி திங்கட்கிழமை.

காலை ஏழரை மணிக்கே திறக்கிற கடை அது. வேலைக்குப் போகிறவர்கள் போகிற வழியில் சாமானைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஷட்டரைத் தூக்கி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, போன் அடித்தது. அண்ணிதான் எடுத்தார்.

மூணாம் மாடியம்மா. மெஷின் நின்றுவிட்டது. துணி நுரையோடு உள்ளே கிடக்கிறது, சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கிறது. கொடுத்த வாக்கை மறந்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன் என்றவர், எந்த மாடல் வேண்டும், என்ன நிறம் வேண்டும் என்பதைக்கூடத் தீர்மானித்து வைத்திருந்தார்.

ஆள் வரும் என்று மட்டும் சொல்லி அண்ணி போனை வைத்தார். தடுப்புக்குப் பின்னால் மெக்கானிக்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மோட்டாரை மாற்றியாயிற்று. பெல்ட்டை மாற்றியாயிற்று. தண்ணீர் வெளியேறும் பம்பைக் கழற்றி மாட்டியாயிற்று. கடைசித் தடவை ஒயரிங் முழுக்கத் தொட்டுப் பார்த்தாயிற்று. கடையில் நாள் முழுக்க ஓடவிட்டால் சமர்த்தாக ஓடும் மெஷின், அந்த வீட்டுக்குப் போனதும் மூன்றாம் நாள் நிற்கிறது. எந்தக் கோளாறுக்கும் ஒரே சிவப்பு விளக்கைக் காட்டும் பழைய மாடல் வேறு. எங்கே நோகிறது என்று அது சொல்லவும் சொல்லாது.

ஆகட்டும் சார் தலையைக் குனிந்தபடி, சாமான் ஏற்றுகிற குட்டி வேனின் சாவியை எடுத்தார். மெஷினைத் தூக்கி வரக் கயிறும் எடுத்தார். அண்ணி கயிற்றை வாங்கி ஆணியில் திரும்ப மாட்டினார்.

“தூக்கிட்டு வராதே. நாலு தடவை தூக்கிட்டு வந்து என்ன ஆச்சு? அங்கயே உக்காரு. அது அந்த வீட்டுல என்ன பண்ணுதுன்னு பாரு.”

அவர் வாயைத் திறந்தார்.

“அந்த வார்த்தையை மட்டும் அங்க சொல்லிடாதே” என்றார் அக்கா.

*

மூணாம் மாடியம்மா கதவைத் திறந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. சனிக்கிழமை ஆகட்டும் சார் சொன்னதை அவர் அன்றைக்கே, நேரம் போட்டு, எழுதி வைத்திருந்தார். அதை ஒரு தடவை படித்துக் காட்டினார். பிறகு, ‘என்ன சொல்றீங்க’ என்று கேட்டார்.

ஆகட்டும் சாருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்த வார்த்தை. மென்று விழுங்கினார். “முதல்ல மெஷினைப் பாக்கறேம்மா” என்றார்.

பார்ப்பதற்கு அவருக்கு என்ன தெரியும்? ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பதிலேயே அவருக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் ஒரு காரியத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. யார் எவ்வளவு நேரம் பேசினாலும், முகம் சுளிக்காமல், வாட்சைப் பார்க்காமல், இடையில் விழாமல் கேட்பார். பன்னிரண்டு வருஷமாக மேசையில் உட்கார்ந்து அவர் செய்த வேலை அதுதான். அது ஒரு வேலை என்றே யாருக்கும் தோன்றியதில்லை. அவருக்கும்தான்.

துணி துவைக்கிற இடத்தில், மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தார். அந்த அம்மா பேசத் தொடங்கினார். மெஷினில் ஆரம்பித்து, அதை வாங்கித் தந்த மகனுக்குப் போய், மகன் வாரம் ஒரு தடவைகூடப் பேசாததைச் சொல்லி, மருமகளின் அக்கா வீட்டு மெஷின் பதினோரு வருஷமாக ஓடுவதைச் சொல்லி, இந்தக் கட்டிடத்தைக் கட்டியவனை வைது, லிஃப்டை வைது, எதிர்வீட்டு ஷூ அலமாரியை வைது முடித்தார். ஆகட்டும் சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சும்மா ஆட்டவில்லை. ஷூ அலமாரி எவ்வளவு அகலம் என்று நடுவில் கேட்கவும் செய்தார்.

அதில் உச்சி குளிர்ந்துபோன அம்மா, இன்னும் இரண்டு புகார்களைத் தேடி எடுத்தார். அதில் ஒன்று, நாலாம் மாடிக்காரரைப் பற்றியது. ரிட்டையர் ஆனதிலிருந்து மொட்டை மாடியில் டப்பா டப்பாவாகத் தக்காளிச் செடி வைத்துக்கொண்டு, காலையில் ஏழு மணிக்கு டியூபைப் பிடித்தால் பத்து வரைக்கும் விடுவதில்லை. மேலேயிருந்து சொட்டுச் சொட்டாகத் தன் பால்கனியில் ஒழுகுகிறது.

“ஒழுகறது கிடக்கட்டும். அந்த மனுஷன் செடிக்கு ஊத்தற நேரத்துல இங்க கை கழுவக்கூடத் தண்ணி நூல் மாதிரிதான் வருது.”

ஆகட்டும் சார் தலையாட்டுவதை நிறுத்தினார்.

எழுந்து, மெஷினுக்குப் போகிற குழாயைத் திறந்து பார்த்தார். நூல்தான். அதுவும் மெல்லிய நூல்.

அதற்கும் மெஷின் நிற்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் இந்த வீட்டில் இருக்கிற, தன் கடையில் இல்லாத ஒன்று இது என்று மட்டும் தோன்றியது. மொட்டை மாடிக்கு எப்படிப் போவது என்று கேட்டார்.

*

கடையில் அண்ணியின் ராஜ்யம் நடந்துகொண்டிருந்தது.

வந்தவுடனே அவர் செய்த முதல் காரியம், பழைய காலண்டர் அட்டையைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றிலிருந்து இருபது வரை எண் போட்டதுதான். இரண்டாவது காரியம், பெஞ்சைச் சுவரோரம் இழுத்துப் போட்டது. யார் வந்தாலும் டோக்கன். டோக்கன் இருந்தால் பெஞ்சு. பெஞ்சில் உட்கார்ந்தால் மெதுவாகத்தான் பேச வேண்டும்.

வழக்கமாக உள்ளே நுழையும்போதே ‘இப்பவே வேணும்’ என்று மேசையைத் தட்டுகிற அயர்ன் பாக்ஸ்காரர் ஒருவர் உண்டு. இன்றும் தட்டினார். அண்ணி நிமிர்ந்து பார்க்காமல் ஆறாம் நம்பரை நீட்டினார். தனக்கு அவசரம் என்றார் அவர். இங்கே வருகிற எல்லாருக்கும் அவசரம்தான், அவசரம் இல்லாதவர்கள் வீட்டில் இருப்பார்கள் என்றார் அண்ணி. மனுஷர் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தது மட்டுமல்ல, ஏழாம் நம்பராக வந்த பெண்ணுக்குத் தள்ளி இடமும் விட்டார்.

தடுப்புக்குப் பின்னால் மெக்கானிக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சனிக்கிழமையிலிருந்து வராத சிரிப்பு. காதுக்குள் யாரும் கத்தாமல் ஒரு ஃபேனைப் பிரிக்க முடியும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இவர்கள் எல்லாருமே நன்றி கெட்டவர்கள் என்பது அவளுடைய பல வருஷத்து முடிவு. நன்றாக ஓடினால் ‘மெஷின் நல்ல மெஷின்’ என்பார்கள். நின்றால் ‘மெக்கானிக் சரியில்லை’ என்பார்கள். அதனால்தான் அவள் முன்பக்கம் வருவதே கிடையாது. சாமானை வாங்கிக்கொள்வாள். சாமான் கத்தாது.

அண்ணி டோக்கன்காரர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டு ஒரு நோட்டில் எழுதினார். எல்லாம் ஆஸ்பத்திரிக் கேள்விகள். எத்தனை நாளாக இருக்கிறது? இதற்கு முன்னால் வேறு எங்கேயாவது காட்டினீர்களா? சூடு இருக்கிறதா? வந்தவர்களும் சீரியஸாகப் பதில் சொன்னார்கள். ஏழாம் நம்பர் பெண், தன் மிக்ஸிக்குப் போன வாரம் லேசாகச் சூடு இருந்ததாகவும், இரண்டு நாளில் தானே இறங்கிவிட்டதாகவும் சொன்னாள்.

டேபிள் ஃபேன் கொண்டுவந்த ஒருவரிடம் அண்ணி கேட்டார்:

“சத்தம் எப்போ வருது? காலையிலயா, சாயங்காலமா?”

மெக்கானிக்கம்மாவின் கை அப்படியே நின்றது.

காலையில.

இந்த வார்த்தையை எங்கேயோ கேட்டிருக்கிறாள். யார் சொன்னது? யோசிக்க வேண்டியதே இல்லை. குரல் காதிலேயே இருந்தது. இரண்டாவது தடவை மெஷின் வந்தபோது, மூணாம் மாடியம்மா தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னார். ‘காலையில மட்டும்தான் நிக்குது, சாயங்காலம் போட்டா நல்லாத்தான் ஓடுது’ என்று. அதோடு நிறுத்தாமல் மருமகளைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். அப்போது தான் சொன்ன பதிலும் மெக்கானிக்கம்மாவுக்கு நினைவிருந்தது. கதையெல்லாம் வேண்டாம்மா, மெஷினை வச்சிட்டுப் போங்க.

ஒரு மெஷினுக்குக் காலை எது, மாலை எது என்று தெரியாது. காலையில் மட்டும் நிற்கிறது என்றால் கோளாறு மெஷினில் இல்லை. காலையில் இருக்கிற, மாலையில் இல்லாத ஏதோ ஒன்றில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளப் பதினெட்டு வருஷ அனுபவம் தேவையில்லை. அந்த அம்மா சொன்னதைக் காதில் வாங்கியிருந்தாலே போதும்.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். அண்ணியிடம் போய்வருகிறேன் என்றாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. “டாக்டர் வெளிய போயிருக்காங்க, ஒரு மணி நேரம் ஆகும்” என்று பெஞ்சைப் பார்த்து அறிவித்தார்.

*

மூணாம் மாடியம்மா கதவைத் திறந்து, அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“உங்க வீட்டுக்காரர் மாடிக்குப் போய் அரை மணி நேரமாச்சு. தக்காளி பாக்கறார்.”

மெக்கானிக்கம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நேராக உள்ளே போய், மெஷின் முன்னால் மண்டியிட்டு, குழாயைத் திறந்தாள். தண்ணீர் கம்பியாக இறங்கியது. அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிட்டது.

துணி நனைய வேண்டிய தண்ணீர் குறித்த நேரத்துக்குள் நிறையவில்லை என்றால், மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். விளக்கைச் சிமிட்டும். அதன் வேலையை அது ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறது, ஐந்து தடவையும். கடையில் இவள் வைத்துப் பார்க்கும் குழாயோ தொட்டிக்கு நேர் கீழே. அருவி மாதிரி கொட்டும். அங்கே எப்படி நிற்கும்?

அவள் குழாயைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும்போதே, கம்பி தடித்தது. விரலளவு ஆனது. பிறகு கையை உதறித் தள்ளுகிற வேகத்தில் கொட்டியது. அவசரமாக டியூபை மெஷினில் மாட்டி, பொத்தானை அமுக்கினாள். மெஷின் தண்ணீரைக் குடித்தது. ஒரு தடவை குலுங்கியது. சிவப்பு விளக்கு அணைந்தது. நுரையோடு கிடந்த துணிகள் சுற்றத் தொடங்கின.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆகட்டும் சார் இரண்டு கையிலும் ஒவ்வொரு தக்காளியோடு வந்து நின்றார். மனைவியைப் பார்த்ததும் அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார்.

இரண்டு நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

“வால்வா?”

“இல்ல” என்றார் அவர். “தக்காளி.”

அவள் சிரிக்கக்கூடாது என்றுதான் பார்த்தாள். முடியவில்லை.

மேலே நடந்ததை அவர் சொன்னார். நாலாம் மாடிக்காரர் முதலில் பாய்ந்திருக்கிறார். தண்ணீருக்குத் தானும்தான் பணம் கட்டுவதாகவும், மூன்றாம் மாடியிலிருந்து யாராவது தூது வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்ததாகவும் சொல்லியிருக்கிறார். இவர் சண்டை போடவில்லை. செடிகளைப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு டப்பாவுக்கும் உரிய வரலாற்றைக் கேட்டிருக்கிறார். பூ உதிர்வதைப் பற்றி, இலை சுருள்வதைப் பற்றி, முதல் தக்காளியை அணில் தின்ற கதையைப் பற்றி. எல்லாம் கேட்டு முடித்த பிறகு, இதே தண்ணீரைச் சாயங்காலம் ஊற்றினால் வெயில் குடிக்காதே, ராத்திரி முழுக்க வேரில் நிற்குமே என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். அந்த மனுஷர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வால்வை மூடியிருக்கிறார். நாளையிலிருந்து சாயங்காலம்தான் என்று தானே முடிவெடுத்ததுபோலச் சொல்லியிருக்கிறார்.

மூணாம் மாடியம்மா இதையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். மெஷின் ஓடுகிற சத்தத்தையும் கேட்டார். முகத்தில் சந்தோஷம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

“எல்லாம் சரி” என்றார். “அஞ்சாவது தடவை நின்னுச்சா இல்லையா?”

தாள் இன்னும் கையில் இருந்தது.

ஆகட்டும் சாரின் முகம் சுருங்கிப் போயிற்று. நின்றது நின்றதுதான். சொன்னது சொன்னதுதான். சனிக்கிழமை பத்துப் பேர் கேட்டார்கள். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சண்டைக்கு மூச்சு இழுக்கிறாள் என்று நினைத்து, ஓரடி முன்னால் வந்தார்.

மெக்கானிக்கம்மாவும் அதற்குத்தான் மூச்சு இழுத்தாள். மெஷினில் கோளாறே இல்லை, உங்கள் கட்டிடத்துக் குழாய்க்கு நாங்கள் என்ன செய்வது என்று கேட்க வார்த்தை தயாராக இருந்தது. நியாயமான வார்த்தையும்கூட. ஆனால் அது முழு நியாயம் இல்லை என்பது ஸ்கூட்டரில் வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்தாள்.

“அம்மா, நீங்க ரெண்டாவது தடவை வந்தப்பவே சொன்னீங்க, காலையில மட்டும்தான் நிக்குதுன்னு. நான்தான் காதுல வாங்கல. வாங்கியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். மெஷின் மேல தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. தப்பு என் மேலதான்.”

மூணாம் மாடியம்மா பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து அந்த வீட்டின் சுவர்கள்கூடப் பார்த்திருக்காது. கட்டிடம் கட்டியவனிடமிருந்து லிஃப்ட் ஆபரேட்டர் வரைக்கும், மகன் உட்பட, இத்தனை வருஷத்தில் அவரிடம் பலர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். வாயை அடைப்பதற்காகக் கேட்ட மன்னிப்புகள் அவை. நீங்கள் சொன்னது சரி என்று ஒருவரும் சொன்னதில்லை.

“நான் சொன்னேன்” என்றார் கடைசியில், குரல் இறங்கி. “அன்னிக்கே சொன்னேன்ல.”

“சொன்னீங்க.”

“மருமக வந்திருந்தப்ப அவளுக்கும் காலையில குளிக்கத் தண்ணி வரலன்னுகூடச் சொல்ல வந்தேன். நீங்க விடல.”

“ஆமாம்மா. விடல.”

அவர் அந்தத் தாளை நான்காக மடித்தார். இன்னும் ஒரு தடவை மடித்தார். இடுப்பில் செருகிக்கொண்டு, மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்து, பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

“அது இருக்கட்டும். இந்தக் கீறல் யார் போட்டது? வாங்கறப்ப இல்லையே.”

புது மெஷின் பேச்சு அத்தோடு போயிற்று. கீறல் பேச்சு இருபது நிமிஷம் ஓடியது. ஆகட்டும் சார் ஒவ்வொரு வார்த்தையையும் தலையாட்டிக் கேட்டார். இந்தத் தடவை அவர் பக்கத்திலேயே இன்னொரு தலையும் ஆடியது.

*

லிஃப்டில் இறங்கும்போது இரண்டு பேர்தான். தக்காளிகள் அவளுடைய டூல் பையில் இருந்தன.

சனிக்கிழமை அப்படிச் சொன்னது தப்புதான் என்றார் அவர், கதவைப் பார்த்தபடி.

தப்புதான் என்றாள் அவளும். விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு, “நீங்க அந்த அம்மா பேசறதை எவ்வளவு நேரம் கேட்டீங்க?” என்றாள்.

“முக்கால் மணி இருக்கும்.”

“எப்படி முடியுது?”

அவர் யோசித்தார். இதுவரை யாரும் அவரிடம் கேட்டிராத கேள்வி. “அவங்க பேசறதுல பத்துல ஒம்பது எனக்கு வேண்டாதது” என்றார். “எந்த ஒண்ணு வேணும்னு தெரியாதே. அதான் பத்தையும் கேட்டுடறது.”

அவள் டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கீழே வந்து வண்டி நிறுத்தத்தில் பிரியும்போது, தன் ஸ்கூட்டரை அங்கேயே பூட்டிவிட்டு, அவருடைய வேனில் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஸ்கூட்டரை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். அவர் கேட்கவே இல்லை, இருந்தாலும் சொன்னாள்.

மத்தியானம் புது ஏற்பாடு பிறந்தது. மேசையில் அண்ணிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி. அண்ணி கூட்டத்தை அடக்குவார், ஆகட்டும் சார் கதையைக் கேட்பார், கேட்டதில் உபயோகமானதை நோட்டில் எழுதித் தடுப்புக்கு உள்ளே கொடுப்பார். வாக்குக் கொடுக்கிற அதிகாரம் மட்டும் அவருக்குக் கிடையாது. அவர் எழுதிய முதல் குறிப்பில், ஏழாம் நம்பர் பெண்ணின் மிக்ஸி அவளுடைய கொழுந்தன் வந்துபோனதற்கு அப்புறம்தான் சூடாகிறது என்று இருந்தது. மெக்கானிக்கம்மா ஜாரைத் திறந்தாள். பிளேடுக்கு அடியில் ஒரு சட்டைப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெஞ்சு நிறைந்துவிட்டது. புது முகங்கள். எல்லாரும் ஒரே கட்டிடம். ஒருவர் ஹீட்டரோடு வந்திருந்தார், ஒருவர் கிரைண்டரோடு, ஒரு தம்பதி இரண்டு ஃபேனையும் ஒரு பழைய சண்டையையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். யார் அனுப்பியது என்று ஆகட்டும் சார் கேட்டார்.

மூணாம் மாடியம்மா என்றார்கள்.

தடுப்புக்குப் பின்னாலிருந்து மெக்கானிக்கம்மா எட்டிப் பார்த்தாள். அவருக்கா நம்மைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல மனசு வந்தது? என்ன சொன்னார் என்று கேட்டாள்.

ஹீட்டர்காரர் தயங்கினார். “அப்படியே சொல்லவா?”

“சொல்லுங்க.”

“கடை சுமார்தான், அஞ்சு தடவை அலைய விட்டாங்க. ஆனா தப்புன்னா தப்புன்னு சொல்ற ஒரே இடம் அதுதான், வேணும்னா போங்கன்னாங்க.”

மெக்கானிக்கம்மா உள்ளே போனாள். கொஞ்ச நேரம் எதையும் பிரிக்காமல் சும்மா நின்றாள். இத்தனை வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதுதான் பெரியது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது என்பதிலும் சந்தேகமில்லை.

ஆறரை மணிக்குப் பெஞ்சில் கடைசியாக ஒருவர் மிஞ்சினார். அறுபதை ஒட்டிய வயது, மடிப்புக் கலையாத சட்டை. கையில் எந்தச் சாமானும் இல்லை. எந்த நேரம் வந்து உட்கார்ந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. அண்ணி உள்ளே கை கழுவப் போயிருந்தார். ஆகட்டும் சார் வழக்கப்படி எதிரில் போய் உட்கார்ந்து, என்ன கோளாறு என்று விசாரித்தார்.

ரிப்பேருக்கு வரவில்லை என்றார் அவர். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் வேலை பார்ப்பவர். டோக்கன் கொடுக்கும் ஜன்னலுக்கு நேர் எதிர் ஜன்னல். இருபத்திரண்டு வருஷம். போன மாதம், பிரிவு உபசாரம் நடந்த அன்றைக்கு, அங்கே இருந்த அம்மாவிடம் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். ஒரு மாசத்தில் பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாசம் நேற்றோடு முடிந்தது. நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பூட்டு தொங்குகிறது; தம்பி வீட்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

ஆகட்டும் சார் தலையாட்டுவதை மறந்து உட்கார்ந்திருந்தார். தங்களைச் சமாதானப்படுத்தத்தான் அக்கா பெட்டியோடு வந்தார் என்று நேற்றிலிருந்து வீடு முழுக்க நம்பிக்கொண்டிருந்தது.

தடுப்பு ஓரத்தில் மெக்கானிக்கம்மா வந்து நின்றாள். அவள் பார்வை போன திசையில் எல்லாரும் திரும்பினார்கள். உள்வாசலில் அண்ணி, ஈரக் கையோடு.

காலையிலிருந்து நாற்பது பேரை அடக்கி உட்கார வைத்தவர், வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார்.

“தம்பி” என்றார், யாரையும் பார்க்காமல். “கொஞ்சம் தண்ணி கொண்டா.”

யாருக்கு என்று சொல்லவில்லை.

ஆகட்டும் சார் இரண்டு டம்ளர் எடுத்துவர உள்ளே போனார்.